அன்னாசியா, மீனா?

அத்தியாயம் 3

சுவர் முழுக்க இலை. உள்ளங்கைக்குள் இலை, பூமி உருண்டையின் தலையில் முளைத்த இலை, ஒன்றோடொன்று கைகுலுக்கும் இலைகள். உள்ளூர்ப் பொருள்களுக்கு ஒரு சின்னம் வரைந்து அனுப்புங்கள் என்று வட்டார உற்பத்தியாளர் சங்கம் பொதுமக்களைக் கேட்டாலும் கேட்டது, பென்சில் பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் இலையாக வரைந்து தள்ளிவிட்டார்கள். தேன் பாட்டில், சோப்பு, கூடை, பால் பாக்கெட் என்று சங்கத்தின் எல்லாச் சரக்குகளிலும் வெற்றிபெறும் சின்னத்தைத்தான் ஒட்டப்போகிறார்களாம்.

"இந்தச் சங்கம் விக்கிறது என்ன அண்ணி, கீரையா?" என்றான் கொழுந்தன்.

அண்ணி சுவரோரமாக மெதுவாக நடந்தாள். அவர்களுடைய துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி, மேலாளர், மூளை எல்லாம் அவள்தான். முன்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தாள். ஒரு நாள் தன் மேலதிகாரியின் கிளெய்மையே பிடித்துவிட்டாள். அன்றோடு வேலை போயிற்று. கொழுந்தன் அவளுடைய கணவனின் தம்பி. எந்த வேலையிலும் ஒட்டாமல், கடைசியில் அண்ணியின் ஸ்கூட்டரை ஓட்டுவதற்கு 'உதவியாளர்' என்று கார்டு அடித்துக்கொண்டவன்.

அண்ணி நின்றது இறுதிச் சுற்றுக்கு வந்த இரண்டு படங்களின் முன்னால். அவற்றில் இலை பெரிதாக இல்லை. அதனாலேயே தேறியிருக்க வேண்டும். இரண்டிலும் கைப்பிடி வைத்த ஒரு பெரிய பாத்திரம், அதற்குள்ளிருந்து பொங்கும் வெள்ளை நுரை, பக்கத்தில் வளைந்து தொங்கும் கதிர், கதிருக்கு அடியில் செதில் செதிலாகப் பச்சை நிறத்தில் ஏதோ ஒரு வஸ்து. நிறங்களும் ஓரத்து அலங்காரமும் வேறு. மற்றபடி இரண்டும் ஒரே அச்சு. ஒன்றில் கைப்பிடி இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

"இது சங்கத் தலைவரோட மாப்பிள்ளை வரைஞ்சது. விளம்பர ஏஜென்சி வச்சிருக்காரு. அது ஸ்கூல் டிராயிங் மாஸ்டர் வரைஞ்சது," என்றாள் கிளார்க்கம்மா. அவர்களை வரவழைத்தவள் அவள்தான். அழுது ஓய்ந்த முகம். ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை. "நேத்து ரெண்டையும் மாட்டினதும் ரெண்டு பேரும் 'என் படத்தைத் திருடிட்டான்'னு கத்த ஆரம்பிச்சாங்க. படங்க எல்லாம் சீல் வச்ச பெட்டியில இருந்துச்சு. பெட்டிச் சாவி எங்கிட்ட."

"அதனால நீங்க திறந்து காட்டினீங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"மாப்பிள்ளை படத்தை மாஸ்டருக்குக் காட்டினேன்னு தலைவர் சொல்றாரு. மாஸ்டர் படத்தை மாப்பிள்ளைக்குக் காட்டினேன்னு மாஸ்டர் சொல்றாரு. ஹால் நிறைய ஆள் இருக்கறப்பவே தலைவர் என்னைத் திருடின்னு சொல்லிட்டாரு மேடம். இன்னிக்கு சாயங்காலக் கூட்டத்துல என்னை வேலையை விட்டு எடுக்கிறாங்க."

படித்த மனிதர்கள் இருவர், ஆளுக்கொரு கட்சி. ஆனால் பழியை யார் தலையில் கட்டுவது என்பதில் மட்டும் இருவருக்கும் எவ்வளவு ஒற்றுமை! கொழுந்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளார்க்கம்மா வருஷக்கணக்காகத் தற்காலிக ஊழியர். நிரந்தரமாக்கும் உத்தரவு இப்போதுதான் தலைவரின் கையெழுத்துக்காக மேஜைமேல் கிடக்கிறது.

"சாவியை நம்பிக் குடுக்கிற வேலையைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது மேடம். திருடின்னு பேரெடுத்து வெளிய போனா இந்த ஊர்ல எவன் எங்கிட்ட சாவி குடுப்பான்?"

"பெட்டியோட சீல் உடைஞ்சிருந்துச்சா?"

"இல்லை. எல்லார் முன்னாடியும் தலைவர்தான் உடைச்சாரு."

"அதை யாராவது யோசிச்சாங்களா?"

கிளார்க்கம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கொழுந்தனால் முடியவில்லை. பார்வையைத் திருப்பியபோது படங்களுக்குக் கீழே நடுவர் குறிப்பு தெரிந்தது. தலைவரே எழுதியது: 'பார்த்தவுடனே மனசுக்கு ரொம்ப நாள் பழகிய உணர்வு. இதுதான் நம் மண்ணின் முகம்!'

அண்ணி இரண்டு படங்களையும் சுவரிலிருந்து கழற்றினாள். சட்டத்திலிருந்து தாள்களை உருவி ஜன்னல் கண்ணாடியில் வைத்தாள். வெளியே நல்ல வெயில். மாப்பிள்ளையின் தாளைப் புரட்டிப் போட்டு மாஸ்டரின் தாள்மேல் பொருத்தினாள். கைப்பிடிமேல் கைப்பிடி, கதிர்மேல் கதிர். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

"ஒருத்தன் இன்னொருத்தனைக் காப்பியடிச்சு, தெரியாம இருக்கத் திருப்பிப் போட்டிருக்கான்," என்றான் கொழுந்தன். "கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?"

"நுரையைப் பாரு தம்பி."

மாப்பிள்ளையின் படத்தில் நுரையின் மேல்பகுதி நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்தது. வெட்டை மறைக்க ஒரு வானவில்லைக் கொண்டுவந்து ஒட்டவைத்திருந்தார். மாஸ்டரின் படத்திலோ நுரை முழுசாக மேலே சுருண்டு வழிந்தது.

"அப்ப மாஸ்டர் படம்தான் ஒரிஜினல்!"

"இப்ப கீழ பாரு."

கீழே தலைகீழ்க் கதை. மாஸ்டரின் பாத்திரம் ஒரு மூலையில் சதுரமாக வெட்டுப்பட்டு, அங்கே ஒரு வயல்வரப்பு முளைத்திருந்தது. மாப்பிள்ளையின் பாத்திரத்துக்கு அடிப்பாகம் முழுசாக, வட்டமாக இருந்தது. இரண்டு தாளும் சேர்ந்தபோதுதான் கண்ணாடியில் ஒரு முழுப்படம் தெரிந்தது.

"இவர்கிட்ட இல்லாத நுரை அவர்கிட்ட இருக்கு. அவர்கிட்ட இல்லாத அடிப்பாகம் இவர்கிட்ட இருக்கு," என்றாள் அண்ணி. "ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் போட்டிருந்தா இப்படி வராது. ரெண்டு திருடனும் ஒரே வீட்டுக்குத்தான் போயிருக்கான். ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியாம."

கிளார்க்கம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைதானே மேடம்?"

"இல்லைன்னு எனக்குத் தெரியும். அவங்க வாயை அடைக்க அந்த வீடு எதுன்னு வேணும்."

அதற்குள் தலைவர் வந்துவிட்டார். துப்பறியும் பெண்மணியை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, பூனை காணாமப் போனது, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிக்கிறது, இதெல்லாம்தானே உங்க லைன்? இது கலைம்மா, கலை. உங்களுக்கு எங்க புரியப்போகுது?"

"புரியறவங்களையே கேட்டுக்கறேங்க," என்று அண்ணி இரண்டு தாள்களையும் சுருட்டி எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கினாள்.

*

மாப்பிள்ளையின் ஏஜென்சியில் எல்லாமே வெள்ளை. நாற்காலி வெள்ளை, சுவர் வெள்ளை, வரவேற்புப் பெண்ணின் சிரிப்பும் வெள்ளை. வேலை நடக்கும் அறிகுறி மட்டும் எங்கும் இல்லை. மாப்பிள்ளை சுழல் நாற்காலியில் அரைவட்டம் அடித்தபடியே பேசினார்.

"ஆக்சுவலா இது டிசைன் இல்ல. இது ஒரு ஃபீல். அந்தப் பானை இருக்கே, அது நம்ம மண்ணு. அந்த வெள்ளை, மேகம். வானவில்லு, நம்ம மக்களோட கனவு."

"மேகம் பானைக்குள்ள இருந்தா வரும்?" என்றான் கொழுந்தன்.

"அதான் சார் கான்செப்ட்."

அண்ணி செதில் செதிலான பச்சை வஸ்துவின் மேல் விரலை வைத்தாள். "இது என்னங்க?"

அரைவட்டம் நின்றது. மாப்பிள்ளை தன் படத்தையே முதன்முறை பார்ப்பவர்போலக் குனிந்தார். "அது... அன்னாசி."

"இந்த வட்டாரத்துல அன்னாசி விளையுதா?"

"விளையணும். அதுதான் விஷன்."

வெளியே வந்ததும் கொழுந்தன் ஸ்கூட்டரை உதைத்தான். "அண்ணி, இந்த ஆளுக்கு மாமனார் மட்டும் இல்லேன்னா விளையாட்டுச் சாமான்கூட விக்க முடியாது."

டிராயிங் மாஸ்டர் வகுப்பில் இருந்தார். கரும்பலகையில் 'குடி குடியைக் கெடுக்கும்' என்று பூப்போட்ட எழுத்து. மது ஒழிப்பு ஓவியப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறாராம். அந்த மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டதுமே அவருக்குக் குரல் எகிறியது. முப்பரிமாணம், ஒளி, நிழல், கோடுகளின் ஒழுக்கம் என்று ஒரு பாடமே நடத்தினார். பாத்திரம் பால் பாத்திரமாம். நுரை பால் நுரையாம். இந்தக் கருவைத் தேடி மாதக்கணக்கில் தூங்கவில்லையாம்.

"இது என்னங்க மாஸ்டர்?" அதே விரல், அதே பச்சை வஸ்து.

"தெரியலையா? மீன். செதில் இருக்கு பாருங்க."

"மீனுக்கு எதுக்கு மாஸ்டர் காம்பு?"

மாஸ்டர் காம்பை ஒருமுறை உற்றுப் பார்த்தார். சாக்பீஸைத் தேடுவதுபோல் மேஜைக்கு அடியில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"சாயங்காலம் வீட்டுக்கு எப்படிப் போவீங்க?" என்று அண்ணி மேஜையைப் பார்த்துக் கேட்டாள்.

"பஸ்லதான்," என்றது மேஜை. "மார்க்கெட் ஸ்டாப்புல."

*

மார்க்கெட் நிறுத்தத்துக்கு எதிரே சாலையோரம் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள் அண்ணி. இரண்டு தாள்களையும் மறுபடி சேர்த்து வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள்.

"தம்பி, அன்னாசிங்கிறார் ஒருத்தர். மீனுங்கிறார் ஒருத்தர். பெத்தவனுக்குப் பிள்ளையை அடையாளம் தெரியாம இருக்குமா? உனக்கு இது என்னன்னு தோணுது?"

கொழுந்தன் பார்த்தான். நுரை, கைப்பிடி, கதிர், காம்பு வைத்த பச்சைக் காய். முழுசாகப் பார்த்ததும் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். இது என்ன என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். எங்கே இருக்கிறது என்றும் தெரியும். அண்ணிக்குத் தெரிந்தால் அண்ணனுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரிந்தால் வீட்டில் பிரளயம்தான்.

"எனக்கென்ன அண்ணி தெரியும்? ஏதோ காய்."

"சரி. அந்தம்மாவுக்கு சாயங்காலம் வேலை போகுது. போயிட்டுப் போகட்டும்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம் அவன் கண்முன்னால் வந்து நின்றது. கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோதே தனக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"பீர் அண்ணி," என்றான் மெதுவாக. "அது பானையும் இல்லை, பால் பாத்திரமும் இல்லை. பீர் குடிக்கிற மக். கதிரு பார்லி. அந்தக் காயைப் போட்டாத்தான் பீருக்குக் கசப்பு வரும். பாட்டில்லயே படம் போட்டிருப்பான்." பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். "ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான்."

"அந்த ஃப்ரெண்டு போற கடை எங்க இருக்கு?"

அவன் கை தானாக எழுந்தது. பஸ் நிறுத்தத்துக்கு நேர் பின்னால், நான்கு கடை தள்ளிக்கூட இல்லை, ஒரு கண்ணாடிக் கதவு. கதவில் தீட்டியிருந்தது அந்தப் படம். மக், நுரை, கதிர், காய்.

அண்ணி சாலையைக் கடந்தாள். கதவுக்கு வெளியே, கண்ணாடியின் ஒரு மூலையில் கடை நேரம் எழுதிய சதுர அட்டை ஒட்டியிருந்தது. மக்கின் அடிப்பாகத்தை அது சரியாக மறைத்தது. பிறகு அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கொழுந்தன் நடுரோட்டில் வாயைப் பிளந்து நின்றான். அவன் குடும்பத்திலிருந்து ஒரு பெண் அந்தக் கதவைத் திறந்தது அதுவே முதல்முறை.

உள்ளே போனவன் அண்ணியின் பக்கத்தில் நின்று கதவைத் திரும்பிப் பார்த்தான். கைப்பிடி இப்போது மறுபக்கம். கதவின் உட்புறம் 'திறந்திருக்கிறது' என்று ஒரு பலகை சங்கிலியில் தொங்கியது. நுரையின் மேல்பாகத்தை அது நேர்கோடாக வெட்டி மறைத்தது.

"மாஸ்டர் வெளிய பஸ்ஸுக்கு நின்னு பார்த்தவரு. மாப்பிள்ளை உள்ள உக்காந்து பார்த்தவரு," என்றாள் அண்ணி. செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டாள். "அவங்கவங்க கண்ணுக்கு மறைஞ்சது அவங்கவங்க படத்துல இல்லை. ஒரு கதவைத் தாண்டி யோசிக்கத் துப்பில்லாத ரெண்டு கலைஞர்கள்."

"நான் இத்தனை தடவை... என் ஃப்ரெண்டு இத்தனை தடவை வந்திருக்கான் அண்ணி. உள்பக்கம் இப்படித் தெரியும்னு சொன்னதே இல்லை."

"வெளிய போறப்ப உன் ஃப்ரெண்டு எதையும் பார்க்கிற நிலைமையில இருந்திருக்க மாட்டான்," என்றாள் அண்ணி. "அவன் சட்டைப் பையில இருந்து பாட்டில் மூடியை எடுத்துட்டுத்தான் நான் துணியை மெஷின்ல போடறேன். மூடியிலயும் இந்தக் காய்தான் இருக்கு. காலையில இருந்து நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்."

கொழுந்தன் அசடு வழிந்தான். வேறு என்ன வழிய முடியும்?

*

கூட்டத்துக்கு ஹால் நிரம்பியிருந்தது. இலை வரைந்து தோற்றவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அடுத்தவன் அவமானப்படுவதைப் பார்க்க ஆறுதல் பரிசே தேவையில்லை. கிளார்க்கம்மா ஓர் ஓரமாக, உட்காராமல் நின்றாள். தலைவரின் முன்னால் டிஸ்மிஸ் உத்தரவு, பேனா மூடி திறந்து தயாராக.

அண்ணி முதலில் இரண்டு தாள்களைக் காட்டினாள். பிறகு கதவின் இரண்டு பக்கங்களையும் பெரிதாக்கித் திரையில் காட்டினாள். எங்கே வெட்டு, எதனால் வெட்டு என்று நிதானமாகச் சொன்னாள். பெட்டியை யாரும் திறக்க வேண்டிய அவசியமே இல்லை என்றாள். ஹாலில் சலசலப்பு. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

தலைவர் அசரவில்லை. "இதென்ன கடைம்மா? எங்க இருக்கு? நானோ என் மாப்பிள்ளையோ இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்லை. உள்ள போகாத மனுஷன் உள்பக்கத்தை எப்படிப் பார்ப்பான்? இந்தக் கிளார்க்கம்மா சாவியைக் குடுத்துட்டுப் பழியை ஒரு கதவு மேல போடுது!"

நடுவர் குழுவில் ஒருவர்கூட அந்தக் கதவை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எல்லோரும் திரையை விட்டுவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்கள். கிளார்க்கம்மாவின் உதடுகள் வெளுத்தன.

"எனக்குத் தெரியும் அந்தக் கடை," என்று கொழுந்தன் எழுந்தான். காதெல்லாம் சூடாக இருந்தது. "நான் போயிருக்கேன்."

"குடிகாரன் சாட்சி!" தலைவர் கைதட்டிச் சிரித்தார். சிலர் கூடவே சிரித்தார்கள். தலைவர் பேனாவை எடுத்தார்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். கொழுந்தன் அவளை இப்படித் தோற்றுப்போய்ப் பார்த்ததே இல்லை.

"நீங்க சொல்றது சரிதாங்க," என்றாள். "யோசிச்சா நான்தான் தப்பு. அந்தக் கதவை இழுத்துத்தானே உள்ள போகணும். கதவு வெளிப்பக்கமா திறந்து சுவரோட ஒட்டிக்குது. உள்ள உக்காந்தா கதவே கண்ணுல படாது. உள்ள இருந்து யாரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வழியே இல்லை."

"எக்ஸாக்ட்லி!" என்றார் மாப்பிள்ளை, துள்ளி எழுந்து. "இழுத்துத் திறக்கிற கதவு அது. வெளிப்பக்கம்தான் போகும்!"

"இல்லை மாப்ளே, தள்ளணும்," என்றார் தலைவர், கையெழுத்துப் போடக் குனிந்தபடியே. "நீங்கதான் தினமும் இழுத்துட்டு நிப்பீங்க, நான்ல தள்ளி விடறேன்."

பேனா தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து கிளம்பி ஹால் முழுக்கப் பரவியது. நடுவர் குழுவில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார், மாமனார் மின்விசிறியைப் பார்த்தார். இத்தனை நாளாகத் தன் மனசுக்குப் பழகியிருந்த மண்ணின் முகம் எது என்று அந்தப் பெரிய மனிதருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். டிஸ்மிஸ் உத்தரவை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். குரலில் திடீரென்று தேன் ஒழுகியது. "சரி, சரி. மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். போட்டியை ரத்து பண்ணிடுவோம். அந்தம்மா நிரந்தர ஆர்டர்ல இப்பவே கையெழுத்துப் போடறேன். வாங்கம்மா, வந்து வாங்கிக்குங்க. இதைப் பெருசு பண்ண வேணாம்."

கையெழுத்துப் போட்டு நீட்டினார். எல்லோரும் கைதட்டத் தயாரானார்கள். சங்கத்தில் எதற்கும் கைதட்டுவார்கள்.

கிளார்க்கம்மா மேஜைவரை நடந்து வந்தாள். நீட்டிய தாளை வாங்கவில்லை. பெட்டிச் சாவியை மடியிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நேத்து என்னைத் திருடின்னு சொன்னீங்க. இதே ஹால்ல. இவங்க எல்லாரும் கேட்டாங்க," என்றாள். "இல்லைன்னு சொல்லுங்க. அப்புறம் வாங்கிக்கறேன்."

"அதான் ஆர்டர்லயே கையெழுத்து..."

"வாயாலதான் சொன்னீங்க. வாயாலயே சொல்லுங்க."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. மாப்பிள்ளைகூட வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் பக்கத்தில் அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவசரமே இல்லாதவள்போல.

தலைவரின் உதடுகள் அசைந்தன. மீசைக்குள்ளேயே ஏதோ முனகியது. "...இல்லை. நீங்க திருடலை."

கிளார்க்கம்மா நிமிர்ந்து நின்றாள். "கடைசி வரிசைக்குக் கேக்கலைங்க," என்றாள்.